நெம்புகோல் யார் கையில்?

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவைச் சுற்றி இரண்டு விதமான உழைப்பு கண்ணில் படும். ஒரு சரிவில் தேயிலைக் கொழுந்து வெட்டுகிறார்கள். இன்னொரு சரிவில் ஹோட்டலோ அடுக்குமாடி வீடோ எழுகிறது. கம்பி கட்டுகிறார்கள், சிமெண்ட் குழைக்கிறார்கள். இரண்டு இடத்திலும் கூட்டமாக ஆட்கள், அவர்களை மேய்க்க ஒரு மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், அவருக்கும் மேலே ஒரு மேனேஜர் அல்லது காண்டிராக்டர்.

இவர்களில் யாருக்கு முதலில் மனம் நொடியும் என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் காண்டிராக்டரைத்தான் சொல்வார்கள். பேங்குக் கடன் அவர் தலையில், அபராதம் அவர் தலையில், கைப்பேசி ஓயாமல் அடிப்பதும் அவருக்குத்தான். சிமெண்ட் குழைப்பவனுக்கு என்ன? சாயங்காலம் குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் அடித்துப்போட்டது போலத் தூங்குவான். உடம்பு உழைத்தவனுக்கு மனசு நோகாது என்பது நம்மிடையே ஊறிப்போன நம்பிக்கை.

கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. இங்கிலாந்தில் ஒருவர் இறந்தால் இறப்புப் பதிவில் அவருடைய தொழிலையும் எழுதுகிறார்கள். 2011 முதல் 2015 வரையிலான தற்கொலைப் பதிவுகளைத் தொழில் வாரியாகப் பிரித்து அந்நாட்டின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2017ல் வெளியிட்டது. கட்டுமானத்தில் தேர்ச்சி தேவைப்படாத கூலி வேலை செய்த ஆண்களின் ஆபத்து, நாட்டின் சராசரி ஆணைவிட 3.7 மடங்கு. கம்பெனி மேலாளர்கள், இயக்குநர்கள் பக்கம் பார்த்தால் சராசரியைவிட 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. டீக்கடைத் தீர்ப்பு அப்படியே தலைகீழாகிவிட்டது.

வறுமைதான் காரணம், இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வறுமைக்குப் பங்கு உண்டு. குடிக்கும், குடும்பத்தை விட்டுத் தொலைவில் கிடப்பதற்கும் பங்கு உண்டு. ஏற்கனவே நொந்துபோனவர்கள் வேறு வழியில்லாமல் இந்த வேலைக்கு வந்து சேர்ந்திருக்கவும் கூடும். வெறும் இறப்புக் கணக்கை வைத்து இவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. வறுமையே இல்லாத ஓர் இடத்தில் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஏதாவது பிடிபடும். அப்படி ஓர் இடம் கிடைத்தது: லண்டனின் அரசு அலுவலகங்கள்.

1967ல் தொடங்கிய ‘ஒயிட்ஹால்’ ஆய்வு பதினெட்டாயிரம் போல ஆண் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எல்லோருக்கும் நிரந்தர வேலை, ஓய்வூதியம், இலவச மருத்துவம். பசி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் கடைநிலை ஊழியர்கள், அதாவது வாயிற்காவலர், கடிதம் சுமப்பவர் போன்றவர்கள், உச்சிப் பதவியில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இதயநோய்க்குப் பலியானார்கள். பதவி ஒரு படி இறங்க இறங்க ஆபத்து ஒரு படி ஏறியது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றின் பங்கைக் கழித்த பிறகும் வித்தியாசத்தில் பெரும்பகுதி மிச்சம் நின்றது. 1985ல் பெண்களையும் சேர்த்து இரண்டாவது ஒயிட்ஹால் ஆய்வு தொடங்கியபோது மைக்கேல் மார்மட்டும் அவருடைய குழுவினரும் புதிய கேள்விகளைச் சேர்த்தார்கள். எந்த வேலையை முதலில் செய்வது என்று நீங்கள் முடிவு செய்கிறீர்களா? எப்போது ஓய்வெடுப்பது என்பது உங்கள் விருப்பமா? மிச்சம் நின்ற வித்தியாசத்தின் கணிசமான பகுதி இந்தக் கேள்விகளுக்கான பதில்களோடு சேர்ந்தே நகர்ந்தது. மனச்சோர்வும் அதே வழியில் போனது.

இந்தக் கேள்விகள் அளப்பதை நான் ‘தன்வசம்’ என்று அழைக்கப்போகிறேன். செய்யும் வேலையின் வேகமும் முறையும் நேரமும் எவ்வளவு தூரம் செய்பவர் கையில் இருக்கின்றன என்பதே தன்வசம். ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் 1979ல் ஸ்வீடன், அமெரிக்கத் தொழிலாளர்களின் கணக்கெடுப்புகளை எடுத்து, வேலைப்பளுவைத் தனியாகவும் தன்வசத்தைத் தனியாகவும் அளந்தார். பளு மட்டும் கூடினால் மனிதர்கள் அவ்வளவாக உடைவதில்லை. பளு கூடித் தன்வசம் குறையும் மூலையில்தான் தூக்கமின்மையும் சோர்வும் மனச்சோர்வும் குவிந்து கிடந்தன. பளுவும் தன்வசமும் சேர்ந்து கூடிய மூலையில் இருந்தவர்கள் வேலைக்கு வெளியிலும் சங்கம், கூட்டம் என்று ஓடிக்கொண்டிருந்தார்கள்.

சரி, தன்வசம் இல்லாமை நோயைத் தருகிறதா, அல்லது நோஞ்சான்களுக்குத் தன்வசம் இல்லாத வேலை வாய்க்கிறதா? மனிதர்களைக் கேள்வி கேட்டு மட்டும் இதற்கு விடை காண முடியாது. சோதனை வேண்டும். இந்தச் சோதனைகளின் கதை கொஞ்சம் சங்கடமானது. விலங்குகளை வதைத்துத் தெரிந்துகொண்ட செய்தி இது. அதை மறைத்துவிட்டு மேலே போவது சரியில்லை.

1958ல் அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிலையத்தில் ஜோசப் பிரேடி குரங்குகளை ஜோடி ஜோடியாக நாற்காலியில் கட்டினார். இரண்டுக்கும் விட்டு விட்டு மின்னதிர்ச்சி வரும். ஒரு குரங்கின் முன்னால் நெம்புகோல் உண்டு. அது நேரத்துக்கு அழுத்தினால் இருவருக்குமே அதிர்ச்சி வராது. மற்றக் குரங்கு என்ன செய்தாலும் பயனில்லை. கூட்டாளிக்கு விழுவது அதற்கும் விழும். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் போலச் சரிசமமாக அடி வாங்குவதால் இதை நுகத்தடி முறை என்று சொல்லலாம். வயிற்றுப்புண் வந்து செத்தது நெம்புகோல் வைத்திருந்த குரங்கு. பத்திரிகைகள் அதற்கு ‘நிர்வாகிக் குரங்கு’ என்று பெயர் சூட்டிக் கொண்டாடின. முதலாளிமார்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. டீக்கடைத் தீர்ப்புக்கு அறிவியல் முத்திரை கிடைத்துவிட்டது.

சோதனையில் ஓர் ஓட்டை இருந்தது. நெம்புகோலை யாரிடம் கொடுப்பது என்பதைப் பிரேடி சீட்டுப்போட்டு முடிவு செய்யவில்லை. வேகமாக அழுத்தக் கற்றுக்கொண்ட குரங்குகளை அதற்கென்று பொறுக்கினார். இயல்பிலேயே பதற்றம் கூடிய குரங்குகள்தான் வேகமாக அழுத்தும். ஆக, நாற்காலியில் உட்காரும் முன்பே நோய்க்கு நெருக்கமாக இருந்தவை நிர்வாகிகள் ஆகிவிட்டன. பத்து ஆண்டுகள் கழித்து ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் எலிகளை வைத்து அதே சோதனையை ஒழுங்காகச் செய்தார். எந்த எலி எந்தக் கூண்டுக்கு என்பதைக் குலுக்கல் முறையே முடிவு செய்தது. இந்த முறை விடை புரண்டது. அடி சரிசமம், ஆனால் தடுக்க வழியில்லாத எலிக்குத்தான் புண் அதிகம்.

வைஸ் அதோடு நிற்கவில்லை. அடுத்து அவர் கண்டுபிடித்த இரண்டு செய்திகள் கட்டுமானத் தொழிலாளிக்கு இன்னும் நெருக்கமானவை. அதிர்ச்சிக்கு முன் ஓர் எச்சரிக்கை ஒலி எழுந்தால், தடுக்கவே முடியாவிட்டாலும் புண் குறைந்தது. எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் மற்ற நேரத்தில் உடம்பு இளைப்பாற முடிகிறது. இன்னொன்று: நெம்புகோல் இருந்தும், அதை அழுத்தும்போதெல்லாம் ஒரு சிறு தண்டனையும் கிடைக்கும்படி வைத்தால், அந்த எலி நெம்புகோலே இல்லாத எலியைவிட மோசமாகிவிட்டது. மேலிருந்து அவசரமும் கீழிருந்து ஆள் பற்றாக்குறையும் அழுத்த, எந்த முடிவு எடுத்தாலும் திட்டு வாங்கும் மண்டோர் என் நினைவுக்கு வருகிறார். டீக்கடைத் தீர்ப்பில் அந்த அளவுக்கு மட்டும் உண்மை இருக்கிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது இன்னும் சுவையானது. 1967ல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் தப்ப முடியாத அதிர்ச்சி வாங்கிய நாய்கள் பிறகு தப்ப வழி இருந்தும் முனகியபடி படுத்துக் கிடந்ததைக் கண்டார்கள். ‘எதுவும் பலிக்காது என்று நாய் கற்றுக்கொண்டது’ என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2016ல், அதே இருவரும் சேர்ந்து தங்கள் விளக்கத்தையே புரட்டிப் போட்டார்கள். மேயரின் ஆய்வகம் இடைப்பட்ட காலத்தில் எலிகளின் மூளையைத் துருவிப் பார்த்திருந்தது. நீடித்த அடி விழுந்தால் முடங்கிப் படுப்பது மூளைத்தண்டிலுள்ள ஒரு நரம்பணுத் தொகுதியின் இயல்பான எதிர்வினை. அதைக் கற்க வேண்டியதே இல்லை. கற்க வேண்டியது அதற்கு எதிரானது: ‘நான் செய்தால் நடக்கும்’ என்பது. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி அதைக் கண்டறிந்து, கீழே உள்ள தொகுதியை அடக்குகிறது. முன்மூளைப் புறணியின் அந்தப் பகுதியைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தால், கையில் நெம்புகோல் இருந்த எலியும் இல்லாத எலியைப் போலவே முடங்கியது. ஒருமுறை தன்வசத்தை ருசித்த எலி பின்னால் வந்த தடுக்க முடியாத அடியையும் தாங்கிக்கொண்டது.

உடம்பின் கணக்கு இதற்குத் துணை. ஆபத்து என்றதும் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் எழுந்து இதயத்தை விரட்டி, சர்க்கரையை ரத்தத்தில் இறக்கி, உடம்பை ஆயத்தம் செய்கின்றன. ஆபத்து போனதும் அடங்கிவிட வேண்டும். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு லோரி இறக்குபவர்களுக்குத் தெரியும்: வளைவுக்கு வளைவு மிதித்து விட்டால் பிரேக் காலத்துக்கும் உழைக்கும், காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் ரிங்லெட் தாண்டுவதற்குள் கருகல் வாடை வந்துவிடும். கார்ட்டிசாலும் அப்படித்தான். விடாமல் மிதிபட்டுச் சூடேறிய அமைப்பின் பாதிப்பை புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993ல் பெயரிட்டு விளக்கினார்கள். தமிழில் ‘தேய்மானச் சுமை’ என்று சொல்லலாம். கார்ட்டிசாலை அளக்க ரத்தம் எடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வளரும்போது கார்ட்டிசாலையும் உள்ளே பதித்துக்கொள்கிறது. மூன்று சென்டிமீட்டர் முடியில் மூன்று மாதத்துக் கார்ட்டிசால் சுவடு படிந்திருக்கும்.

இப்போது மலைக்கு வருவோம். கேமரன் மலையில் முதல் தேயிலைத் தோட்டத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் 1929ல் தொடங்கினார். அதுதான் இன்றைய போ தேயிலை. 1933ல் பாரத் தோட்டம் வந்தது. தேயிலையை நட்டதும், மலாயாவின் சாலைகளிலும் ரயில் பாதைகளிலும் கல் உடைத்ததும் பெரும்பகுதி தமிழ்க் கைகள். அந்த உழைப்பு அமைக்கப்பட்ட விதத்தைக் கராசெக்கின் அளவுகோலால் பாருங்கள். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. யார் எந்த மலைக்கு என்பதைக் கங்காணியோ மண்டோரோ சொல்வார். குடியிருக்கும் லயம் தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். ரப்பர்த் தோட்டங்களில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், தொழிலாளியின் கடனை எழுதிய ‘துண்டு’ தோட்டம் விட்டுத் தோட்டம் அவரோடு பயணம் செய்தது. 1921 வரை அந்த முறை இருந்தது.

1954ல் உருவான தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் பல ஆண்டுகள் மாதச் சம்பளம் கேட்டுப் போராடியது. கூலி உயர்வுக்கான போராட்டம் என்றே அது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. எனக்கு அது வைஸின் எச்சரிக்கை ஒலியாகவும் படுகிறது. இந்த மாதம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிவதற்கு ஒரு உடல்நல மதிப்பு உண்டு. சங்கத்துக்காரர்கள் அந்த மதிப்பை எந்த எலியின் உதவியும் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

இன்று அந்த வேலைகளில் தமிழர்கள் குறைவு. தேயிலையிலும் கட்டுமானத்திலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா, மியன்மார் ஆட்கள். கட்டுமானத்தில் தன்வசம் நழுவும் ஓட்டைகள் தோட்டத்தைவிட அதிகம். வேலை ஒரே இடத்தில் நிலைப்பதில்லை. கட்டடம் முடிந்தால் கூட்டம் கலையும். மேல் காண்டிராக்டர், அவருக்குக் கீழே இன்னொருவர், அவருக்கும் கீழே ஒருவர் என்று பணம் இறங்கி வரும் வழியில் எங்கே சிக்கினாலும் கடைசியில் நிற்பவனுக்குத்தான் சம்பளம் தள்ளிப்போகும். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். வேலை பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது; பிடிக்கவில்லை என்று இன்னோர் இடம் தேடிப் போக முடியாது. பழைய துண்டுக்குப் பேரன் பிறந்தது போல இருக்கிறது.

தங்குமிடம் கொங்சி. பலகையும் தகரமுமாக, அல்லது கண்டெய்னர் பெட்டியாக, கட்டடம் எழும் இடத்திலேயே நிற்கும். ஆயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் இரவுக் குளிர் தகரத்தின் வழியே எப்படி இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும்தான் விதித்திருந்தது. 2019ல் திருத்தி 2020ல் கட்டுமானம் உள்ளிட்ட எல்லாத் துறைகளுக்கும் விரித்தார்கள். அதன் விதிகளில் ஆளுக்கு ஒரு கட்டில், நான்கு அங்குல மெத்தை, பூட்டுப் போடும் சிறிய அலமாரி என்று வரும். பூட்டு அலமாரி அற்பமாகத் தோன்றலாம். ஒரு மனிதனின் நாளில் அவன் சாவிக்கு மட்டும் கட்டுப்பட்ட ஒரே இடம் அதுவாகவும் இருக்கக்கூடும்.

ஆக, மனநலத்துக்கு என்ன செய்வது? கம்பெனிகள் வழக்கமாகச் செய்வது சொற்பொழிவு, மூச்சுப்பயிற்சி, கைப்பேசிச் செயலி. ஆக்ஸ்ஃபர்டின் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனின் 233 நிறுவனங்களில் 46 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பதில்களை எடுத்து, இத்தகைய திட்டங்களில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டு 2024ல் வெளியிட்டார். ஏறக்குறைய எந்தத் திட்டத்திலும் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நன்றாக இல்லை. தன்னார்வத் தொண்டு வாய்ப்பு மட்டும் சற்றே விலக்கு. இது குலுக்கல் முறைச் சோதனை இல்லை, ஒரு காலத்துப் படம் மட்டுமே. ஏற்கனவே சோர்ந்தவர்கள் அதிகம் சேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடம் உண்டு. ஆனாலும், சம்பளத் தேதியைத் தொடாமல் மூச்சுப்பயிற்சி மட்டும் கொடுப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆளுக்கு ஆள் செய்யும் உதவி எல்லாம் வீண் என்றும் பொருள் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கட்டுமானத் தொழிலாளர் தற்கொலைகள் பற்றிய ஆய்வு ஒன்றைத் தொடர்ந்து 2008ல் ‘மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. வேலைத்தளத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி. தாமாக முன்வரும் சிலருக்குக் கூடுதல் பயிற்சி. அவர்கள் ஹெல்மெட்டில் ஓர் ஒட்டுப்படம் இருக்கும். பக்கத்தில் செங்கல் அடுக்குபவரிடம் சொல்வது வெள்ளைக் கோட்டுக்காரரிடம் சொல்வதைவிட எளிது என்பதே அடிப்படை. பயிற்சி பெற்றவர்கள் பேச்சுக்கும் உதவிக்கும் கூடுதலாக ஆயத்தமாகிறார்கள் என்பது தெரிகிறது. இறப்புகள் குறைந்ததற்கு அதுவே காரணம் என்று நிறுவக் குலுக்கல் முறைச் சோதனை இல்லை.

அப்படி ஒரு சோதனை நடந்தது ஜிம்பாப்வேயில். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, ஹராரேயின் சுகாதார நிலையங்களில் மருத்துவப் பட்டமில்லாத, ஆனால் ஊரறிந்த பாட்டிமார்களைப் பயிற்றுவித்து மர பெஞ்சில் உட்கார வைத்தார். வருகிறவர்களின் பிரச்சினைகளை அவர்கள் பட்டியல் போடச் செய்வார்கள். அதில் ஒன்றை வந்தவரே தேர்ந்தெடுப்பார். அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தை அவரே சொல்வார். அடுத்த முறை வந்து நடந்ததைச் சொல்வார். 24 நிலையங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, 573 பேரிடம் சோதித்து 2016ல் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறிகள் வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்த குழுவில் ஏழில் ஒருவரிடம். பாட்டியின் அன்புக்கு எத்தனை பங்கு, முறைக்கு எத்தனை பங்கு என்று அந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. ஆனால் முறையைப் பாருங்கள்: ஒரு சிறிய நெம்புகோலைத் தேடிக் கொடுத்து, அது வேலை செய்ததா என்று திரும்பக் கேட்கிறார்கள். முன்மூளைப் புறணி தேடும் செய்தியும் அதுவே.

மலேசியாவில் இப்படி மனம்விட்டுப் பேசி உதவி கேட்க ஒரு சட்டத் தடையும் இருந்தது. தற்கொலைக்கு முயல்வது 2023 வரை தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறைக்கு இடம் இருந்தது. பெர்மிட்டில் நிற்கும் ஒருவர் மண்டோரிடம் ‘சாகத் தோணுது’ என்று எப்படிச் சொல்லியிருப்பார்? நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பு 1970 முதல் கோலாலம்பூரில் இயங்குகிறது. அழைப்பவரின் மொழி வங்காளமாகவோ நேபாளியாகவோ இருக்கும்போது எண் மட்டும் போதாது என்பது கணக்கில் வைக்க வேண்டிய விஷயம்.

கட்டுமானத்தில் தன்வசம் சாத்தியமே இல்லை, மழையும் மண்சரிவும் யார் பேச்சைக் கேட்கும் என்று காண்டிராக்டர்கள் சொல்வார்கள். மழையை நிறுத்தச் சொல்லவில்லை. மழை நாளுக்கு எவ்வளவு கூலி என்பதை முதல் நாளே எழுதி ஒட்டலாம். சம்பளத் தேதியை மாதத்தின் ஒரே நாளில் நிறுத்தலாம். தளத்தில் காலையில் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம் பெரட்டு மாதிரி ஆணை வாங்கிக்கொண்டு கலைவதாக இல்லாமல், எந்தச் சாரம் ஆடுகிறது, எந்த வேலையை முதலில் எடுக்கலாம் என்று ஆட்களைக் கேட்பதாகவும், நேற்றுச் சொன்னது என்ன ஆயிற்று என்று தெரிவிப்பதாகவும் மாறலாம். இவற்றில் பெரிய செலவு எதுவும் இல்லை.

பலிக்குமா என்று சோதிப்பதும் கடினம் இல்லை. தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் வரை ஒரே சமயத்தில் நடக்கும் கட்டுமானத் தளங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதித் தளங்களில் இந்த மூன்றையும் உடனே தொடங்கி, மீதியில் மூன்று மாதம் கழித்துத் தொடங்கலாம். எல்லோருக்கும் அவரவர் மொழியில் தூக்கம், பசி, வாழ்வில் பிடிப்பு பற்றிய கேள்விகள். விருப்பப்பட்டுக் கொடுப்பவர்களிடம் பின்னந்தலையிலிருந்து ஒரு கொத்து முடி. கேட்கும் ஆள் முதலாளியின் ஆளாக இருக்கக்கூடாது, பதில்கள் அவர் கைக்குப் போகவும் கூடாது. இல்லையென்றால் எல்லோரும் ‘நல்லா இருக்கேன்’ என்றே எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.